புத்தக அலுமாரி: முயல்களும் நாங்களும்



சென்ற இதழ் கைக்குக் கிடைத்த கையோடு ரெக்ஸாஸிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மகனுக்குப் பதின்மூன்று வயது. தமிழ்ப் புத்தகத்தைத் தொடவே மாட்டானாம். ஆனால் மந்திரவாதி, பறவைநாகம், வேற்றுக்கிரகம் என்று எண்ணூறு பக்கப் புத்தகங்களைச் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னாலும் விரித்து வைத்திருக்கிறானாம். "நாங்கள் பட்ட பாடு ஒன்றும் இவனுக்கு விளங்காது. இல்லாத உலகங்களின் சண்டை மட்டும் பாடம். இதை நிறுத்துவதா, விடுவதா?" என்று கேட்கிறார்.

ஒரு சொல்லில் பதில் வேண்டுமென்றால், விடுங்கள் அம்மா. ஆனால் அப்படிச் சொல்லும் தகுதி எனக்கு லேசில் வந்ததல்ல. 1990களில் நியூ ஜேர்சியில் ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டில் இருந்தபோது, என் மகளின் கையிலிருந்த இப்படியான புத்தகமொன்றைப் பறித்துக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் வைத்தவன் நான். "ஊரிலை சனம் சாகுது, நீ முயல் கதை படிக்கிறாய்" என்று ஏசினேன். அந்த முயல் கதை எனக்குத் தந்த அடியைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இந்த வகை நாவல்களில் நான் வாசித்த சிலவற்றைப் பற்றி என் அபிப்பிராயங்கள்.

முதலில் எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லத்தக்கவரிடம் போவோம். ஆர்தர் சி. கிளார்க் இங்கிலாந்தில் பிறந்தவர். 1956இல் இலங்கைக்குக் குடிவந்து, 2008 மார்ச்சில் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதி ஒன்று, கீழிருந்து பார்ப்பவருக்கு ஓரிடத்திலேயே நிற்பதுபோல் இருக்கும். அப்படி மூன்றை நிறுத்தினால் உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே எழுதியவர் அவர். அந்த மனிதர் கொழும்பில் இருந்த காலத்தில்தான், 1990களில், யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லாமல் நாங்கள் தவித்தோம். தாய் தகப்பன் பாஸ் எடுத்து வவுனியாவுக்கோ கொழும்புக்கோ வந்து, ஒரு கடையில் காத்திருந்து எங்கள் குரலைக் கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். விஞ்ஞானம் வானத்தில் இருந்தது. கம்பியை அறுத்தவர்கள் தரையில் இருந்தார்கள்.

கிளார்க்கின் 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' 1979இல் வெளிவந்து, அமெரிக்காவின் இரண்டு பெரிய விஞ்ஞானப் புனைகதைப் பரிசுகளான ஹியூகோ, நெபியுலா இரண்டையும் பெற்றது. பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டுவதுதான் கதை. மேலே நிற்கும் செய்மதியிலிருந்து கீழே ஒரு வடத்தை இறக்க வேண்டும். அதைத் தரையில் கட்ட உயரமான ஒரு மலை வேண்டும், மலை பூமத்திய ரேகையில் இருக்க வேண்டும். எங்கள் தீவோ ரேகைக்கு வடக்கே கிடக்கிறது. கிளார்க் என்ன செய்தார் தெரியுமா? தப்ரபேன் என்று பழைய கிரேக்கப் பெயரைச் சூட்டி, தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திவிட்டார்! கதையில் வரும் மலை எங்கள் சிவனொளிபாத மலை. தகப்பனைக் கொன்ற அரசன் கட்டிய பாறைக் கோட்டை சிகிரியா.

மலையுச்சியில் பிக்குகளின் மடம் ஒன்று இருக்கிறது. பொறியியலாளர் வன்னிவார் மோர்கனுக்கு அந்த இடம் வேண்டும். பிக்குகள் எழும்ப மறுக்கிறார்கள். பட்டாம்பூச்சிகள் உச்சியை எட்டும் நாளில் மடம் தோற்கும் என்று பழைய ஐதீகம் ஒன்று உண்டு. ஒரு நாள் பெருங்காற்றில் பொன்னிறப் பட்டாம்பூச்சிகள் உச்சிக்கு வந்துவிடுகின்றன. பிக்குகள் மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போகிறார்கள். கோபுரம் எழுகிறது.

என் அபிப்பிராயம் இதுதான். கணக்கில் கெட்டிக்காரத்தனமான நாவல். கடைசிப் பகுதியில் நடுவானத்தில் மாட்டிக்கொண்டவர்களை மீட்கப் போகும் இடத்தை மூச்சுப் பிடித்து வாசித்தேன். ஆனால் மனதில் நின்றது கோபுரமல்ல, மலையை விட்டு இறங்கிய அந்தப் பிக்குகள்தான். பரம்பரையாக இருந்த இடத்தை விட்டு எழும்புவது என்றால் என்ன என்பதை ஆசிரியர் சுருக்கமாகக் கடந்துவிடுகிறார். எழும்பியவனுக்குத்தான் அதன் நீளம் தெரியும்.

மகள் பின்னாளில் அதை வாசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, இதிலை நாங்கள் எங்கை?" எனக்குப் பதில் இருக்கவில்லை. கதைக்கு மலையும் கோட்டையும் போதுமாயிருந்தன. வடக்கும் கிழக்கும் தேவைப்படவில்லை. அந்தப் புத்தகம் வந்த அதே 1979இல்தான் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டுகளில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. இருபத்திரண்டாம் நூற்றாண்டைக் கண்ட கண்ணுக்கு நாலாம் ஆண்டில் வரப்போகும் ஆடி மாதம் தெரியவில்லை.

ஆனாலும் அவரை நான் கோபிப்பதில்லை. காரணம் இரண்டு. 1956இல் கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் திருகோணமலையில் சுவாமி மலைக்குக் கீழே கடலில் மூழ்கி, போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோணேஸ்வரத்தின் தூண்களைக் கண்டார்கள். கடலுக்கடியில் கிடந்த லிங்கமொன்றை வில்சன் வெளியே கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த 'த றீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன்' என்ற நூலில் கிளார்க் அந்தக் கடலையும் கோயிலையும் பற்றி எழுதினார். அந்த வில்சன் பின்னாளில் சுவாமி சிவ கல்கி என்று துறவியே ஆகிவிட்டார். இரண்டாவது, 2007 டிசம்பரில் தொண்ணூறாவது பிறந்தநாளில் கிளார்க் சொன்ன மூன்று ஆசைகளில் ஒன்று, இலங்கையில் நிலையான சமாதானம். அதைக் காணாமலே மூன்று மாதத்தில் போய்விட்டார். அதற்கடுத்த ஆண்டு மே மாதம் வந்தது என்ன என்பது உங்களுக்குத் தெரியும்.

அடுத்தது ஐசக் அசிமோவ். 'ஃபவுண்டேஷன்' 1951இல் புத்தகமாக வந்தது. பேரரசு விழப்போகிறது என்று ஹரி செல்டன் என்ற கணித மேதை கணக்குப் போட்டுச் சொல்கிறார். அவரையும் அவருடைய ஆட்களையும் அண்டத்தின் ஓரத்துக் கிரகமொன்றுக்கு நாடு கடத்துகிறார்கள். புலம்பெயர்ந்தவன் நெருக்கமாக உணரவேண்டிய கதை. ஆசிரியரும் மூன்று வயதில் ருஷ்யாவிலிருந்து நியூயோர்க் வந்து குடியேறியவர். இருந்தும் எனக்கு இந்தப் புத்தகம் ஒட்டவில்லை. செல்டனின் கணக்கு பெரும் சனத்திரளுக்குத்தான் பொருந்தும், தனி மனிதனுக்குப் பொருந்தாது. தனி மனிதனைச் சேர்க்காத கணக்குகளை நாங்கள் போதியளவு பார்த்துவிட்டோம். என் அயலட்டைப் பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடித்த புத்தகம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

'த லோர்ட் ஒஃப் த றிங்ஸ்' பற்றி என்ன சொல்ல இருக்கிறது, படம் பார்த்தோமே என்பீர்கள். நான் சொல்லப் போவது படத்தில் இல்லாத பகுதி. 1954, 55இல் மூன்று பாகங்களாக வந்த ரோல்கீனின் இந்த நாவலில், போர் முடிந்து நாலு பேரும் ஊருக்குத் திரும்பும்போது ஊர் ஊராக இல்லை. மரங்களைத் தறித்திருக்கிறார்கள். பழைய வீடுகள் இல்லை. தெரியாத முகங்கள் வாசலில் நின்று, எங்கே போகிறாய் என்று மறிக்கின்றன. 2002இல் சமாதான காலத்தில் ஏ9 பாதை திறந்ததும் ஊர் போய் வந்தவர்களுக்கு இந்த அத்தியாயத்தை நான் விளக்கத் தேவையில்லை. அதில் சாம் என்ற தோட்டக்காரனிடம் ஒரு சிறு பெட்டி மண் இருக்கிறது, தூர தேசத்து அரசி ஒருத்தி தந்தது. அதை ஒரே இடத்தில் கொட்டாமல், தறித்த மரங்களின் இடத்திலெல்லாம் கன்று நட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மணியாகப் போடுகிறான். அவனுக்கு ஊர் திரும்பக் கிடைக்கிறது. ஆனால் பாரத்தைச் சுமந்து போன புரோடோவுக்கு ஊரைக் காப்பாற்ற முடிந்ததே தவிர, அதிலே இருக்க முடியவில்லை. கப்பலேறிப் போய்விடுகிறான். இந்த முடிவை எழுதிய மனிதர் முதலாம் உலகப் போரில் சொம் களத்தில் நின்றவர். நண்பர்களைப் பறிகொடுத்தவர். கற்பனைதான், ஆனால் பொய்யில்லை.

கலிபோர்னியா வாசகர்கள் கோபிக்கக்கூடாது. உங்கள் பேர்க்லியில் 1929இல் பிறந்தவர்தான் ஊர்சுலா லெ குவின். அவருடைய தகப்பனார் அல்ஃபிரட் குரோபர் மானிடவியல் பேராசிரியர். 1911இல் ஒரோவில் என்ற ஊரில், பட்டினியோடு தனியாக வெளியே வந்த ஒரு பழங்குடி மனிதரை அவர் பணிபுரிந்த நூதனசாலைக்குக் கூட்டிவந்தார்கள். யாகி இனத்தின் கடைசி மனிதர். அவருடைய பாஷையை வீட்டுப் பாஷையாகப் பேச உலகத்தில் வேறு ஒருவரும் இல்லை. தன் பெயரை அவர் கடைசிவரை சொல்லவில்லை. தன் பெயரைத் தானே சொல்வது அவர்கள் வழக்கமல்ல, சொல்லித் தரவேண்டியவர்கள் எவரும் உயிரோடு இல்லை. இஷி, அதாவது 'மனிதன்', என்று பிறர்தான் அழைத்தார்கள். 1916இல் இறந்தார். லெ குவின் பிறந்தது அதற்குப் பின்னர். அவருடைய தாயார் தியோடோரா 1961இல் இஷியின் வரலாற்றை எழுதினார்.

அந்த வீட்டில் வளர்ந்தவர் 1968இல் எழுதிய 'எ விசார்ட் ஒஃப் ஏர்த்சீ' நாவலில், ஒவ்வொருவருக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அதை நம்பிக்கைக்குரியவரிடம் மட்டுமே சொல்வார்கள். பெயரை அறிந்தவனுக்கு அந்தப் பொருள்மேல் அதிகாரம் உண்டு. அந்த நாயகன் கெட் வெள்ளைத் தோல் உள்ளவனல்ல, செம்மண்ணிறத்தவன். 2004இல் தொலைக்காட்சியில் எடுத்தபோது அவனை வெள்ளையனாக்கிவிட்டார்கள். லெ குவின் பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார். எங்கள் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுக்கச் சொல்வது இந்தப் புத்தகத்தைத்தான். அதிகம் பக்கமில்லை, வீண் சண்டையில்லை. தான் அவிழ்த்துவிட்ட நிழலைத் தானே தேடிப்போய்ப் பெயர் சொல்லிப் பிடிக்கும் பையனின் கதை.

பெயர் என்றதும் எங்கள் சுஜாதா நினைவுக்கு வருகிறார். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வை ஊரில் கைமாறிக் கைமாறி வாசித்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். ஜீனோ என்ற இயந்திர நாயை மறக்க முடியுமா? அந்த எதிர்கால நாட்டில் எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான். நிலா, சிபி, ரவி. அரசாங்கக் கணினிக்கு அதுதான் வசதி. அன்று சிரித்தேன். இன்று எங்கள் வீடுகளைப் பாருங்கள். பாலசுப்பிரமணியம் 'பால்' ஆகிவிட்டார். தர்ஷினி 'டீ' ஆகிவிட்டாள். எந்தச் சர்வாதிகாரியும் கட்டளை இடவில்லை, நாங்களே வெட்டிக் கொடுத்தோம். சுஜாதாவும் கிளார்க்கும் 2008இல் ஒரு மாதத்துக்குள் அடுத்தடுத்து மறைந்தார்கள். ஒருவர் எங்கள் தீவில் இருந்து எங்களைக் காணாமல் எழுதினார். மற்றவர் எங்கள் பாஷையில் எழுதி எங்களுக்கு விஞ்ஞானம் சொன்னார்.

எங்கள் பக்கத்திலிருந்து யாரும் எழுதவில்லையா என்று கேட்பவர்களுக்கு இரண்டு பெயர்கள். மேரி ஆன் மோகன்ராஜ் 1971இல் கொழும்பில் பிறந்து சிறு வயதில் அமெரிக்கா வந்த தமிழ்ப் பெண். 2000ஆம் ஆண்டில் 'ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்' என்ற விஞ்ஞானப் புனைகதைச் சஞ்சிகையை ஆரம்பித்தவர். தெற்காசியர் குடியேறிய கிரகமொன்றில் போர் தொடங்கும் இரவை 'த ஸ்டார்ஸ் சேஞ்ச்' என்ற நூலில் (2013) எழுதினார். இது பெரியவர்களுக்கான புத்தகம், பிள்ளைகளுக்கு அல்ல. மற்றவர் கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர. அவருடைய 'த செயின்ற் ஒஃப் பிரைட் டோர்ஸ்' 2023இல் வெளிவந்து நெபியுலா பரிசு பெற்றது. மகானாகக் கொண்டாடப்படும் தகப்பனைக் கொல்வதற்கென்றே தாயால் வளர்க்கப்பட்ட ஒருவன், தடுப்பு முகாம்களும் அடையாளப் பத்திரங்களும் இனக்கலவரமும் நிறைந்த ஒரு நகரத்தில் அலைகிறான். கிளார்க்கின் தப்ரபேனில் நான் காணாததை இதில் கண்டேன். இடையில் கதை சுற்றிச் சுற்றிப் போகிறது, பொறுமை வேண்டும். ஆனால் வாசித்து முடித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இனி அந்த முயல் கதை. றிச்சர்ட் அடம்ஸ் என்ற ஆங்கிலேயர் காரில் நெடும் பயணம் போகும்போது தன் இரண்டு மகள்மாருக்குச் சொன்ன கதையை, அவர்களுடைய கரைச்சல் தாங்காமல் எழுதினார். பல பதிப்பகங்கள் திருப்பியனுப்பிய பின் 1972இல் 'வோட்டர்ஷிப் டவுன்' வெளிவந்தது. ஃபைவர் என்ற சின்ன முயலுக்கு வயல் முழுவதும் இரத்தமாகத் தெரிகிறது. தலைவர் முயலிடம் போய்ச் சொல்கிறார்கள், அவர் நம்பவில்லை. நம்பிய சிலர் மட்டும் இரவோடு இரவாக வெளிக்கிடுகிறார்கள். பின்னால் தப்பி வரும் ஒருவன், வளைகளை அடைத்து நச்சுப்புகை விட்டதைச் சொல்கிறான். அந்த முயல்களுக்கு நாலுக்கு மேல் எண்ணத் தெரியாது, அதற்கு மேல் எல்லாம் 'நிறைய'. எங்கள் கணக்கும் உலகத்துக்கு 'நிறைய' தான்.

வழியில் அவர்கள் இன்னொரு வளைக்கு வருகிறார்கள். அங்கே முயல்கள் கொழுத்து, பளபளவென்று இருக்கின்றன. நல்ல சாப்பாடு தானாக வந்து கிடக்கிறது. இடம் நிறைய. வந்தவர்களை வரவேற்கிறார்கள். ஆனால் முன்னோரின் கதையைச் சொன்னால் மரியாதையாகச் சிரித்து, அதெல்லாம் பழசு என்கிறார்கள். இன்னொன்று, அந்த வளையில் எவரும் 'எங்கே' என்று கேட்பதில்லை. இன்னார் எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள், அல்லது கேளாததுபோல் இருப்பார்கள். சாப்பாடு போடுகிற விவசாயிதான் சுற்றிவரக் கண்ணி வைத்திருக்கிறான். இடைக்கிடை ஒருவர் காணாமல் போவார். சாப்பாடு வேண்டுமென்றால் கேட்கக்கூடாது.

மகள் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலிருந்து புத்தகத்தைக் களவாக எடுத்து முடித்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு போடும்போது கேட்டாள்: "அப்பா, அல்பத்திலை இருக்கிற சித்தப்பா எங்கை?"

என் தம்பி 1990இல் ஒரு காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனவன். எங்கள் வீட்டில் அவன் படம் இருந்தது, அவன் பெயர் இருந்தது, 'எங்கே' மட்டும் இருக்கவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். "கறியைப் போடு" என்றேன். மகள் ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தைத் திறந்து என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அன்றிரவு அகராதியையும் வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். வாசித்து முடிக்க இரண்டு வாரம் சென்றது. முடித்த பிறகு அவளைக் கூப்பிட்டு, அந்தக் காலையில் நடந்ததை, எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் உட்கார்ந்த தாய்மார் கேட்டதும் அந்த ஒரு சொல்லைத்தான். எங்கள் பிள்ளைகள் எங்கே? வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்காக இருந்து கேட்டார்கள். அவர்கள் கேட்கும்போது, கொழுத்த வளையில் இருக்கும் நாங்கள் எங்கள் சாப்பாட்டு மேசையில் அந்தச் சொல்லை மறைத்து வைக்கலாமா?

ஆகவே ரெக்ஸாஸ் தாயாருக்கு: புத்தகத்தைப் பறிக்காதீர்கள் அம்மா. எல்லாம் நல்ல புத்தகமல்ல. நூறு தலையை வெட்டி ஆயிரம் பொன் பரிசு பெறும் குப்பைகளும் இருக்கின்றன, அவை தாமாகவே சலித்துவிடும். இன்றிரவு பக்கத்தில் இருந்து, "இதிலை என்ன கதை, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். ஆங்கிலமும் தமிழும் கலந்து சொல்வான், திருத்தாமல் கேளுங்கள். யார் ஊரை விட்டுப் போனார்கள், யார் நம்பவில்லை, யார் திரும்பி வரவில்லை என்று அவனே சொல்லுவான். இல்லாத உலகத்தின் சண்டையை விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு இருந்த உலகத்தின் சண்டை விளங்கும். பிறகு உங்கள் முறை வரும். அவன் கேட்பான். பேச்சை மாற்றாதீர்கள்.

என் மகளும் இப்போது அதே முயல் புத்தகத்தைத் தன் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுகிறாள். பழைய பிரதிதான், அட்டையில் எண்ணெய்க் கறை இருக்கிறது. அது என் கை.

அடுத்த இதழில் சந்திப்போம்.